இயந்திரம் எழும்பியது, கடிதங்கள் திரும்பவில்லை

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் வகையான சைபர் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்தச் சேவை இயங்கியது 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' எனப்படும் அரச மேகக் கணினி வசதியில். அதனை நிர்வகித்தது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம். மின்னஞ்சலுக்குப் பாவிக்கப்பட்ட மென்பொருள் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் அதே ஆண்டு ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது.

தாக்குதல் நடந்து பன்னிரண்டு மணித்தியாலங்களுக்குள் சேவை மீண்டும் இயங்கியதாக அதிகாரிகள் அறிவித்தார்கள். இயந்திரத்தைப் பொறுத்தவரை அது கெட்டிக்கார வேலைதான். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை அந்த முகவரிகளுக்கு வந்த, அவற்றிலிருந்து போன கடிதங்கள் திரும்பி வரவில்லை. இணைப்பில் இருந்த நகலும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டது. இணைப்பில் இல்லாமல் தனியே வைத்திருக்க வேண்டிய நகல் அந்தக் காலப்பகுதிக்கு இருக்கவில்லை.

நூறு நாட்களுக்குச் சற்று அதிகமான அரச கடிதப் போக்குவரத்து இப்படிப் போனது. இயந்திரத்தை ஓடவைப்பதும் அதற்குள் இருப்பதைக் காப்பாற்றுவதும் இரண்டு வேலைகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எங்கள் நாட்டில் இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் அமைச்சுகளில் மட்டும் இல்லை. மட்டக்களப்பில் நான் போய்வரும் சிறிய அமைப்புகளிலும் "எங்களிட்ட ரெண்டு சேர்வர் இருக்கு, பயமில்ல" என்ற பேச்சைப் பல தடவை கேட்டிருக்கிறேன்.

எங்களுக்கு இது ஏன் கணினிக்காரர்களின் விடயம் மட்டுமல்ல என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். களுதாவளையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அனேகமான வீடுகளில் ஒரு சொப்பிங் பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த கடிதம், ஆணைக்குழுக்களுக்கு எழுதிய மனுக்கள் எல்லாம் அதற்குள். 1990இல் ஓடியவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது தூக்க நேரம் இல்லாதவர்கள், பிறகு ஒவ்வொரு கடதாசிக்கும் வருடக்கணக்கில் அலைந்தார்கள். இப்போது அந்தக் கடதாசிகளின் உள்ளடக்கம் ஒவ்வொன்றாகக் கணினிக்குள் போகிறது. பிரதேச செயலகத்தில், வங்கியில், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில், சாட்சியம் பதிவுசெய்யும் சிறிய அமைப்புகளின் மடிக்கணினியில். பையை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

இரண்டு பம்ப், ஒரு கிணறு

களுதாவளை கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் நிலம். வெற்றிலையும் வெங்காயமும் மிளகாயும் கிணற்றுத் தண்ணீரில்தான் வளர்கின்றன. தோட்டக்காரர் ஒருவரின் பம்ப் பழுதாகிவிட்டால் பக்கத்து வளவுப் பம்பைக் கொண்டுவந்து அதே கிணற்றில் பூட்டி இறைப்பார்கள். பயிர் வாடாது. மெய்நிகர் இயந்திரங்களைச் சேர்வர் பழுதிலிருந்து காப்பாற்றும் முறையும் அடிப்படையில் இதுதான்.

மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணினிக்குள் இயங்கும் இன்னொரு கணினி. பெரிய சேர்வர் ஒன்றின் நினைவகத்தையும் செயலியையும் ஒரு மென்பொருள் பங்குபோட்டுக் கொடுக்கிறது. ஒவ்வொரு பங்கும் தான் ஒரு தனிக் கணினி என்றே நினைத்துக்கொண்டு வேலை செய்யும். ஐபிஎம் நிறுவனம் 1960களின் பிற்பகுதியிலேயே தனது பெரும் கணினிகளில் இதைச் செய்தது. 1972இல் அதை விற்பனைப் பொருளாகவும் வெளியிட்டது. சாதாரண கணினிகளுக்கு இதைக் கொண்டுவந்தது 1998இல் தொடங்கிய விஎம்வெயார். இன்று இலவசமாகக் கிடைக்கும் கேவிஎம் 2007இல் லினக்ஸின் பகுதியாகச் சேர்ந்தது.

இதன் உண்மையான பலம் சிக்கனம் இல்லை. மெய்நிகர் இயந்திரத்தின் வன்தட்டு என்பது கடைசியில் ஒரு கோப்புத்தான். கோப்பு என்றால் அதை இன்னொரு சேர்வர் திறக்கலாம். ஆகவே இரண்டு மூன்று சேர்வர்களைப் பொதுவான ஒரு சேமிப்பகத்தோடு இணைத்துவிட்டால், ஒன்று செத்தாலும் மற்றது அதே கோப்பைத் திறந்து அதே இயந்திரத்தை மறுபடி கிளப்பிவிடும். பம்ப் மாறும், கிணறு அதேதான்.

சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. முன்பு ஒரு பெட்டி பழுதானால் ஒரு வேலை நின்றது. இப்போது ஒரு பெட்டிக்குள் இருபது இயந்திரங்கள் இருக்கும். அது விழுந்தால் மின்னஞ்சல், கணக்கு, வரவுப் பதிவு, இணையத்தளம் எல்லாம் ஒரே நேரத்தில் விழும். இப்படிச் சேர்த்துக்கட்டிய பிறகுதான் 'உயர் கிடைப்புநிலை' என்று சொல்லப்படும் ஏற்பாடு அவசியமானது. விஎம்வெயார் அதை 2006இல் தனது மென்பொருளில் சேர்த்தது.

மௌனம் என்பது மரணமா?

குழுவாக இணைக்கப்பட்ட சேர்வர்கள் ஒன்றுக்கொன்று தொடர்ந்து சிறு சைகை அனுப்பிக்கொண்டிருக்கும். இதயத்துடிப்பு என்றே அதைச் சொல்வார்கள். ஒன்றிலிருந்து சில விநாடிகளுக்குத் துடிப்பு வரவில்லை என்றால் மற்றவை அது செத்துவிட்டதாக முடிவெடுத்து, அதன் இயந்திரங்களைத் தாங்கள் கிளப்பத் தொடங்கும்.

இந்த இடத்தில்தான் முழு விடயத்தின் சிக்கலும் இருக்கிறது. பதில் வரவில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவர் இல்லை என்று முடிவெடுக்க முடியாது என்பது எங்கள் வாசகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விடயமல்ல. சேர்வர் உயிரோடு இருக்கலாம், நடுவிலுள்ள வலையமைப்புக் கம்பி மட்டும் கழன்றிருக்கலாம். அப்போது என்ன நடக்கும்? பழைய சேர்வர் அதே இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். புதிய சேர்வரும் அதே இயந்திரத்தைக் கிளப்பும். கூட்டுறவுச் சங்கத்தின் ஒரே கணக்குப் புத்தகத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பக்கத்தில் எழுதுவதுபோல, இரண்டும் ஒரே கோப்பில் எழுதும். சில நிமிடங்களில் அந்தக் கோப்பு எவருக்கும் உதவாததாகிவிடும். சேர்வர் செத்திருந்தால் ஏற்படும் நட்டத்தைவிட இது பெரியது.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் சேர்ந்து பாவிக்கப்படுகின்றன. ஒன்று பெரும்பான்மை வாக்கு. மூன்று சேர்வர்கள் இருந்தால், குறைந்தது இரண்டு ஒன்றையொன்று பார்க்கக்கூடிய பக்கத்துக்குத்தான் இயந்திரங்களைக் கிளப்பும் உரிமை. தனித்துப்போன ஒன்று தானாகவே ஒதுங்கிவிட வேண்டும். இரண்டே இரண்டு சேர்வர்களுடன் தொடங்கும் அலுவலகங்கள் மாட்டிக்கொள்வது இதிலேதான். ஒன்றுக்கு ஒன்று என்று வாக்குச் சமனாகிவிட்டால் எதுவும் நகராது. அதற்கு மூன்றாவது பெரிய சேர்வர் வாங்க வேண்டிய அவசியமில்லை. வாக்குப் போடுவதற்கு மட்டும் ஒரு சிறிய பழைய கணினி போதும், அது வேறொரு மின்னிணைப்பில் இருந்தால் நல்லது. "எங்களிட்ட ரெண்டு சேர்வர் இருக்கு" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்த மூன்றாவது வாக்கு எங்கே என்றுதான்.

இரண்டாவது வழி கடுமையானது. சந்தேகத்துக்குரிய சேர்வரின் மின்சாரத்தை முதலில் துண்டித்துவிட்டு, அது உறுதியாக நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகே அதன் வேலைகளை மற்றது எடுக்கும். இதற்குத் தொழில்நுட்பவியலாளர்கள் வைத்திருக்கும் ஆங்கிலச் சுருக்கப்பெயரை விரித்தால் 'மற்றதைத் தலையில் சுடு' என்று வரும். யுத்தத்தைப் பார்க்காத ஊரில் வைத்த பெயர் போலிருக்கிறது.

இவ்வளவும் நடந்து முடிய ஓரிரண்டு நிமிடங்கள் பிடிக்கும். ஆகவே இந்த ஏற்பாட்டில் இயந்திரம் நிற்காமல் ஓடுகிறது என்பது சரியான பேச்சல்ல. அது செத்து, வேறு இடத்தில் மறுபடி எழும்புகிறது. அந்த நேரத்தில் நினைவகத்தில் மட்டும் இருந்தது போய்விடும். பாதி நிரப்பிய விண்ணப்பம், சேமிக்காத கடிதம் ஆகியவை வராது. கடைசியாக வன்தட்டில் எழுதப்பட்டதிலிருந்து அது தொடங்கும்.

உண்மையிலேயே நிற்காமல் ஓட்டவும் முடியும். 2008இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ரீமஸ்' என்ற முறையை வெளியிட்டார்கள். இயந்திரத்தின் நிலையை ஒரு விநாடிக்கு நாற்பது தடவை வரை இன்னொரு சேர்வருக்கு நகலெடுப்பார்கள். நகல் போய்ச் சேர்ந்ததென்று உறுதியாகும்வரை இயந்திரம் வெளியுலகுக்குச் சொல்ல வந்த பதிலைப் பிடித்து வைத்திருப்பார்கள். அதனால் முதல் சேர்வர் எந்தக் கணத்தில் விழுந்தாலும் மறுபக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அடுத்த ஆண்டே விஎம்வெயாரும் தனது முறையில் இதைக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு வேலைக்கு இரண்டு சேர்வரின் வலு செலவாகும், வேகமும் குறையும். மருத்துவமனைக் கருவி, வங்கிப் பரிமாற்றம் போன்றவற்றுக்கு இது பொருந்தும். எங்கள் ஊர் அலுவலகம் ஒன்றுக்கு இது தேவை என்று யாராவது விலை கூறினால் நான் சந்தேகப்படுவேன்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்தாமலே ஒரு சேர்வரிலிருந்து மற்றதற்கு மாற்றும் வித்தையை விற்பனையாளர்கள் ஆசையாகக் காட்டுவார்கள். வித்தை உண்மைதான். 2005இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து விளையாடிக்கொண்டிருந்த 'குவேக் 3' விளையாட்டுச் சேர்வரை 60 மில்லிவிநாடித் தடங்கலுடன் இடம்மாற்றிக் காட்டினார்கள். ஆனால் இது சேர்வர் உயிரோடு இருக்கும்போது மட்டும்தான் நடக்கும். திருத்த வேலைக்காக ஒன்றை நிறுத்த வேண்டும், பற்றரி முடியப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும் போன்ற நேரங்களில் கைகொடுக்கும். செத்துப்போன சேர்வரிலிருந்து எதையும் நகர்த்த முடியாது.

கிணறு உப்பானால்

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் பம்ப் இல்லாமல் எவரும் தவிக்கவில்லை. கிணறுகள் உப்பாகிவிட்டன. எத்தனை பம்ப் கொண்டுவந்து பூட்டினாலும் உப்புத் தண்ணீர்தான் வரும்.

பொதுச் சேமிப்பகம் பழுதானால் மூன்று சேர்வர்களும் சும்மா நிற்கும். அதனால் சேமிப்பகத்தையும் பலவாக்குகிறார்கள். 'செஃப்' போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு துண்டுத் தரவையும் மூன்று சேர்வர்களில் மூன்று பிரதிகளாக வைக்கும். சிக்கனமான இன்னொரு வழி, ஒரு சேர்வரின் வன்தட்டைக் குறித்த இடைவெளியில் மற்றதற்கு நகலெடுப்பது. இலவசமாகக் கிடைக்கும் ஆஸ்திரிய மென்பொருளான புரொக்ஸ்மொக்ஸ் வழமையாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதைச் செய்யும். அதாவது சேர்வர் விழுந்தால் கடைசிப் பதினைந்து நிமிட வேலை வரை போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டுதான் இதைப் பாவிக்க வேண்டும். 2023 நவம்பரில் விஎம்வெயாரை புரொட்கொம் நிறுவனம் வாங்கி, நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றிய பிறகு சிறிய நிறுவனங்கள் பல புரொக்ஸ்மொக்ஸ் பக்கம் போயிருக்கின்றன.

ஆனால் இந்த நகல்கள் எல்லாம் உண்மையுள்ள வேலைக்காரர்கள். எழுதினால் மூன்று இடத்திலும் எழுதும், அழித்தால் மூன்று இடத்திலும் அழிக்கும். கப்பம் கேட்கும் வைரஸ் ஒரு கோப்பைப் பூட்டினால் பூட்டிய கோப்பையே மூன்று இடத்துக்கும் அக்கறையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 2021 ஜூலையில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் அழிந்து, குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரிக்கும் நிலை வந்ததே, அதுவும் எந்தச் சேர்வரின் இதயத்துடிப்பும் நின்றதால் வந்ததல்ல.

விற்பனையாளர்கள் சொல்லும் 99.99 சதவீதம் போன்ற கணக்கையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். 99.9 என்றால் வருடத்தில் கிட்டத்தட்ட எட்டே முக்கால் மணித்தியாலம் சேவை நிற்கலாம். 99.99 என்றால் 52 நிமிடம். இது நேரத்தைப் பற்றிய வாக்குறுதி மட்டுமே. உள்ளே இருந்தது திரும்பக் கிடைக்குமா என்பதைப் பற்றி அந்த எண் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் நின்றது பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள்தான் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள்.

ஒரே கூரை

2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் ஒன்று எரிந்து முடிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஐரோப்பாவெங்கும் இலட்சக்கணக்கான இணையத்தளங்கள் நின்றன. நகல் சேவைக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்த வாடிக்கையாளர் சிலருக்கு அப்போதுதான் தெரியவந்தது, நகலும் அதே கட்டடத்தில் இருந்தது என்று. அப்படி இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு நட்டஈடு கொடுக்கும்படி 2023இல் பிரெஞ்சு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2025 செப்டம்பர் 26ஆம் திகதி தென்கொரியாவின் டேஜொன் நகரிலுள்ள அரச தரவு மையத்தில் லித்தியம் பற்றரிகளை இடம்மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. 600க்கும் மேற்பட்ட அரச சேவைகள் நின்றன. அவற்றில் பல மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. 'ஜி-டிரைவ்' என்ற, அரச ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைக்கும் சேமிப்பகத்திலிருந்த 858 டெராபைட் வரவில்லை. அளவு மிகப் பெரியதாக இருந்ததால் வெளியே நகல் எடுக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். கணினித் துறையில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு அது. காசு இல்லாததால்தான் எங்களுக்கு இப்படி நடக்கிறது என்ற சமாதானம் இதற்குப் பிறகு எடுபடாது.

ஒரே கூரைக்குக் கீழ் எல்லாவற்றையும் வைப்பதன் விலை 1981 ஜூனுக்குப் பிறகு எங்களில் எவருக்கும் புதிதல்ல. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் அச்சிட்டவை வேறெங்காவது கிடைத்தன, ஏட்டுச்சுவடிகள் கிடைக்கவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் அந்த நினைவிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாதது.

இந்த நினைவு உள்ள அரசுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கு எஸ்தோனியா உதாரணம். நீண்ட காலம் ஆக்கிரமிப்பில் இருந்த, 2007இல் பெரும் சைபர் தாக்குதலைச் சந்தித்த அந்தச் சின்ன நாடு, 2017இல் லக்சம்பேர்க்குடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. எஸ்தோனியாவின் முக்கிய அரச பதிவேடுகளின் நகல் லக்சம்பேர்க்கிலுள்ள தரவு மையத்தில் இருக்கும், அந்த அறைக்குத் தூதரகத்துக்குரிய பாதுகாப்பு உண்டு. நாடே பிடிபட்டாலும் காணி யாருடையது, பிரஜை யார் என்ற பதிவு பிடிபடக்கூடாது என்பது கணக்கு. உக்ரைன் இதை நெருக்கடியில் செய்தது. அரச தரவுகளை நாட்டுக்கு வெளியே வைக்கக்கூடாது என்றிருந்த சட்டத்தை அந்த நாட்டு நாடாளுமன்றம் 2022 பெப்ரவரியில், ரஷ்யப் படையெடுப்புக்கு ஒரு வாரம் முன்னர் மாற்றியது. அதன் பிறகு பதிவேடுகள் வெளிநாட்டு மேகக் கணினிகளுக்குப் போயின.

எங்கள் அளவில்

காணாமலாக்கப்பட்டவர்களின் உறவினர் விபரம், சாட்சியப் பதிவு, பழைய புகைப்படம், கடன் சங்கக் கணக்கு போன்றவற்றை வைத்திருக்கும் ஐந்தாறு பேர் கொண்ட அமைப்பு ஒன்று என்ன செய்யலாம்? என் அபிப்பிராயம் பலருக்குப் பிடிக்காது. கையில் இருக்கும் காசை முதலில் இரண்டாவது சேர்வருக்குச் செலவழிக்காதீர்கள். அரை நாள் கணினி இல்லாமல் வேலை செய்ய உங்களால் முடியும். சாட்சியம் இல்லாமல் வேலை செய்ய முடியாது.

முதலில் நகல். மூன்று பிரதி, இரண்டு வகையான சேமிப்பு, ஒன்றாவது வேறு ஊரில் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. அதில் ஒரு பிரதி வேலை முடிந்ததும் கம்பியைக் கழற்றி அலுமாரிக்குள் வைக்கப்பட வேண்டும். கழற்றி வைத்த வன்தட்டை எந்த வைரஸும் எட்டாது. 2023இல் அரசாங்கத்திடம் இல்லாமற் போனது இந்த ஒன்றுதான். சேர்வரின் நிர்வாகக் கடவுச்சொல்லும் நகல் வைத்திருக்கும் இடத்தின் கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்கக்கூடாது. ஒன்றைப் பிடித்தவன் இரண்டையும் அழிப்பான்.

எங்கள் அமைப்புகளுக்கு இன்னொரு கவலை உண்டு, கொழும்புத் தொழில்நுட்பக் கட்டுரைகளில் அது வராது. பிரதி கூடக்கூட அது பிழையான கையில் விழும் இடங்களும் கூடும். வன்தட்டைத் தேடி யாராவது அலுவலகத்துக்கு வரலாம். ஆகவே வெளியே போகும் ஒவ்வொரு நகலும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும், அதைத் திறக்கும் சாவி அந்த வன்தட்டோடு ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. சாவி ஒரேயொருவரிடம் இருந்து அவருக்கு ஏதும் நடந்துவிட்டால் நகல் வெறும் இரும்பு. இரண்டு பேரிடம் இருக்கட்டும், அவர்கள் ஒரே வாகனத்தில் போய்வருபவர்களாக இல்லாமல். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்காக அல்ல, பெயரும் முகமும் தந்து பேசிய தாய்மாருக்காகவே இதைச் செய்ய வேண்டும்.

அடுத்தது மின்சாரம். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஜெனரேற்றர் இருந்தவர்களுக்கு டீசல் கிடைக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடு முழுவதும் இருண்டது. யுபிஎஸ் என்ற பற்றரிப் பெட்டியின் வேலை சேர்வரை மணிக்கணக்கில் ஓட்டுவதல்ல. மின்சாரம் போய்ச் சில நிமிடங்களில் இயந்திரங்களை ஒழுங்காக மூடச் சொல்லி சேர்வருக்குச் சைகை கொடுப்பது. அந்தச் சைகைக் கம்பி பூட்டப்படாமல் பெட்டிக்குள்ளேயே கிடப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கண்டிருக்கிறேன். மூன்று சேர்வர் வைத்து மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகியிருப்பதையும் கண்டிருக்கிறேன். அங்கே உண்மையில் இருப்பது ஒரு சேர்வர்தான். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு சேர்வரை நிலத்தில் வைக்காதே என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் வைக்கிறார்கள்.

இதெல்லாம் நடந்த பிறகும் காசும் ஆளும் மிச்சமிருந்தால், சேவை நிற்பது உண்மையிலேயே மக்களைப் பாதிக்கும் என்றால், அப்போது இரண்டு சேர்வரும் வாக்குப் போடும் ஒரு சிறிய கணினியுமாக ஒரு குழுவை அமைக்கலாம். மருத்துவமனைக்கும் பிரதேச செயலகத்துக்கும் இது ஆடம்பரமல்ல. களுவாஞ்சிகுடிக்குப் பஸ்ஸேறி வரும் ஒரு முதியவருக்கு "சிஸ்டம் டவுன், நாளைக்கு வாங்க அம்மா" என்பது ஒரு நாள் கூலியும் பஸ் காசும்.

கடைசியாக ஒத்திகை. வருடத்தில் இரண்டு சனிக்கிழமை, வேலை இல்லாத நேரத்தில், ஒரு சேர்வரின் மின்கம்பியைக் கையால் பிடுங்கிப் பாருங்கள். மற்றது எழும்ப எத்தனை நிமிடம் எடுத்தது என்று எழுதி வையுங்கள். பிறகு நகலிலிருந்து ஓர் இயந்திரத்தை முழுமையாக மீட்டுத் திறந்து, உள்ளே ஒரு கோப்பை வாசித்துப் பாருங்கள். பச்சை விளக்கு எரிந்ததென்பதற்காக நகல் இருக்கிறதென்று நம்ப வேண்டாம். முதல் ஒத்திகையில் அனேகமான இடங்களில் ஒரே விடயம்தான் பிடிபடும். சேர்வரை எப்படி மீட்பது என்ற குறிப்பும் கடவுச்சொற்களின் பட்டியலும் விழுந்துபோன அதே சேர்வருக்குள் இருக்கும். அவற்றைக் கடதாசியில் எடுத்து, உறையில் ஒட்டி, சேர்வர் அறைக்கு வெளியே பூட்டக்கூடிய ஓர் இலாச்சியில் வையுங்கள். இலாச்சிச் சாவி யாரிடம் என்பதை அலுவலகத்தில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.